காவிரிப் படுகையில் சிறிய தோல் கைவினைக் கடை: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் போன்ற ஊர்களில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, வாடிக்கையாளரின் அளவுக்கேற்பப் பெல்ட், பர்ஸ், பை, சலங்கைப் பட்டை ஆகியவற்றைக் கையால் தைத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்க விரும்புவோருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. வெளியூர்த் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் தயாராகும் பர்ஸோடு விலையில் போட்டி போடுவது வீண் வேலை. இந்தப் பகுதியில் ஏற்கெனவே எதற்குத் தேவை இருக்கிறதோ, எது அளவெடுத்துச் செய்தால் மட்டுமே சரியாக அமையுமோ, அதிலிருந்து தொடங்குபவரின் கடையே நிற்கும்.

முதல் படி: எதைச் செய்வது என்று முடிவு செய்தல்

தொடக்கத்திலேயே இருபது வகைப் பொருள்களைக் காட்டிப் பலகை வைப்பவர்கள் உண்டு. அது வேண்டாம். முதல் ஆறு மாதத்துக்கு மூன்று பொருள்கள் போதும். அவற்றில் ஒன்று பெல்ட்டாக இருக்க வேண்டும், ஏனெனில் நேராக வெட்டுதல், துளையிடுதல், விளிம்பை மெருகேற்றுதல், கையால் தைத்தல் என்ற நான்கு அடிப்படை வேலைகளும் அந்த ஒரே பொருளில் அடங்கியிருக்கின்றன. இரண்டாவதாக, வேட்டிக்கு மேல் கட்டுகிற, பணப்பை வைத்த அகலப் பெல்ட்டைச் சொல்வேன். நெல் வியாபாரிகளும் மாட்டுத் தரகர்களும் கடைக்காரர்களும் இன்றும் அதைத் தேடுகிறார்கள். பச்சைக் கித்தானில் கிடைப்பது இரண்டு வருடத்தில் நைந்துபோகிறது. மூன்றாவது சலங்கைப் பட்டை அல்லது தவிலுக்கான தோள்வார். நாட்டியப் பள்ளிகளும் மேளக்காரர்களும் இவ்வளவு நெருக்கமாக இருக்கும் வட்டாரம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

இவற்றோடு பழுதுபார்க்கும் வேலையையும் மறுக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். அறுந்த கைப்பிடி, கழன்ற பக்கிள், ஓடாத ஜிப் ஆகியவை பெரிய வருமானம் தராவிட்டாலும், ஒரு பொருள் எந்த இடத்தில் முதலில் கெடுகிறது என்பதைக் கண்ணெதிரே காட்டுவதால், அதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

இரண்டாம் படி: கற்றுக்கொள்ளுதல்

சென்னை அடையாற்றில் 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும், கிண்டியில் உள்ள மத்திய காலணிப் பயிற்சி நிறுவனமும் பயிற்சிகள் நடத்துகின்றன. செல்ல முடிந்தவர்கள் செல்லலாம். முடியாதவர்களுக்கு, பேருந்து நிலையத்தின் ஓரத்தில் குடைக்குக் கீழே அமர்ந்து செருப்புத் தைக்கும் பெரியவரே நல்ல ஆசான். குத்தூசியை எந்தச் சாய்வில் பிடித்தால் துளை நேராக இறங்கும் என்பதை அவர் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்வது போல எந்தக் காணொளியிலும் கற்க முடியாது. ஆனால் அவருடைய நேரத்துக்கு நாள் கணக்கில் கூலி பேசிக் கொடுத்துவிட்டுத்தான் கற்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சாதியின் பெயரால் ஒதுக்கிவைக்கப்பட்டவர்களின் கைத்திறன் இது. கண்ணாடி அலமாரிக்குள் போனதும் அதே வேலை ‘கைவினை’ என்று மரியாதை பெறுவதையும், மரத்தடியில் இருப்பவருக்கு அந்த மரியாதை கிடைக்காததையும் இத்தொழிலுக்கு வருபவர் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மூன்றாம் படி: தோலை அறிந்து வாங்குதல்

தோலைப் பதப்படுத்தும் வேலையில் நீங்கள் இறங்க வேண்டாம். அது வேறு தொழில். அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் வேண்டும். பாலாற்றுப் பகுதித் தோல் ஆலைகளைப் பற்றிய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு அதில் விளையாட்டுக்கு இடமில்லை. பதப்படுத்திய தோலை வாங்கிப் பொருளாக்குவது மட்டுமே நம் வேலை.

தோல் இரண்டு வழிகளில் பதமாகிறது. ஒன்று, ஆவாரம்பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் முதலியவற்றின் துவர்ப்பைக் கொண்டு பதமிடுவது. மற்றொன்று, குரோமிய உப்பைக் கொண்டு பதமிடுவது. டெல்டாவில் இருப்பவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு என்னவென்றால், பட்டைப் பதத்துக்குப் பேர்போன திருச்சியும் திண்டுக்கல்லும் அரை நாள் பயணத்துக்குள் இருக்கின்றன. ‘ஈ.ஐ. தோல்’ (ஈஸ்ட் இந்தியா தோல்) என்று வணிகத்தில் வழங்கும் இந்தப் பதம் புவிசார் குறியீடும் பெற்றது. திருச்சியில் செம்பட்டுப் பகுதியில் தோல் ஆலைகள் உள்ளன. சாயமேற்றி, மெருகிட்டு, பல வண்ணங்களில் தயாரான தோல் வேண்டுமென்றால் சென்னைப் பெரியமேட்டுக் கடைகளுக்குச் செல்ல வேண்டும். பக்கிள், ரிவெட், டிச் பட்டன் ஆகியவையும் அங்கே மொத்தமாகக் கிடைக்கும்.

இரண்டு பதத்தையும் பிரித்தறிவது கடினமன்று. ஒரு துண்டின் ஓரத்தைக் கூரிய கத்தியால் வெட்டி, வெட்டுவாயைப் பாருங்கள். நடுப்பகுதி வரை பழுப்பாக இருந்தால் பட்டைப் பதம். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோமியப் பதம். மேலே சாயமிடாத பட்டைத் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உறிஞ்சப்பட்டு அந்த இடம் கருக்கும். பெல்ட், வார், சலங்கைப் பட்டை, பெயர் பொறிக்க வேண்டிய பொருள்கள் ஆகியவற்றுக்குப் பட்டைத் தோலே உகந்தது, ஏனெனில் அதன் விளிம்பு மெருகேறும், நனைத்து அழுத்தினால் பதிந்த வடிவம் நிற்கும். மென்மையான கைப்பைக்கும், மழையில் நனைய வாய்ப்புள்ள பொருளுக்கும் குரோமியத் தோலை எடுக்கலாம். பட்டைத் தோல் ஈரமாக இருக்கும்போது இரும்பு பட்டால் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுப்புக் கறை உண்டாகும். அது பிறகு போகாது. ஆகவே நனைந்த தோலைத் துருப்பிடித்த அளவுகோலின் மேல் வைக்கவே கூடாது.

மேல்தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. செருப்பு அடித்தோல் எடைக்கு விற்கப்படுகிறது. வாங்கும்போது சதுர அடி விலையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புபவர் ஏமாறுவார். தோலை விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உண்ணி கடித்த தழும்பு, சூட்டுக்கோல் தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட கீறல் ஆகியவை எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். முதுகுப் பகுதி கெட்டியாகவும் சீராகவும் இருக்கும். வயிற்றுப் பகுதியும் கால் பகுதியும் தளர்ந்து இழுபடும். பெல்ட்டையும் தோள்வாரையும் முதுகெலும்புக்கு இணையாக, முதுகுப் பகுதியில்தான் வெட்ட வேண்டும். வயிற்றுத் தோலில் வெட்டிய பெல்ட் நான்கு மாதத்தில் இரண்டு துளை அளவுக்கு நீண்டுவிடும். கனத்தைப் பொறுத்தவரை, பர்ஸின் உள்ளறைகளுக்கு 1 மில்லிமீட்டர், கைப்பைக்கு 2, பெல்ட்டுக்கு 3 முதல் 3.5, தவில் வாருக்கு 4 என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் “இது என்ன தோல்?” என்பதாகத்தான் இருக்கும். எருமையா, மாடா, ஆடா என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு அது சமயம் சார்ந்த விஷயம். ரெக்ஸினைத் தோல் என்று சொல்லி விற்பவர்கள் சந்தையில் நிறைய இருக்கும்போது, உண்மையைச் சொல்லும் கடை என்ற பெயரே பாதி விளம்பரம்.

நான்காம் படி: கருவிகள்

தையல் இயந்திரத்தை முதல் வருடத்தில் வாங்க வேண்டாம். கூரிய கத்தி இரண்டு, உருக்கு அளவுகோல், குத்தூசி, சம இடைவெளியில் குறியிடும் பல்முள், மொட்டை முனை ஊசிகள், பல அளவுகளில் துளையிடும் பஞ்ச்கள், விளிம்பைச் சீவும் கருவி, மரச் சுத்தியல், மெழுகிட்ட பாலியஸ்டர் நூல், தேன்மெழுகு, உப்புத்தாள், ஒட்டுவதற்கான சொலூஷன் ஆகியவை போதும். பஞ்ச் அடிப்பதற்குக் கறிக்கடையில் பயன்படுவது போன்ற புளியங்கட்டையும், ஓரத்தைச் சீவி மெலிதாக்குவதற்கு ஒரு கடப்பைக்கல் துண்டும் உள்ளூரிலேயே மலிவாகக் கிடைக்கும். இவற்றுக்காக இணையத்தில் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. பணத்தைச் செலவிட வேண்டிய இடம் கத்தி. மழுங்கிய கத்திதான் தோலையும் விரலையும் ஒருசேரக் கெடுக்கிறது. சொலூஷனைச் சன்னல் திறந்த அறையில், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டத்தில் வைத்துப் பயன்படுத்துக.

ஐந்தாம் படி: முதல் பெல்ட்

அளவெடுப்பதில்தான் பெரும்பாலான ஆர்டர்கள் கெடுகின்றன. பேண்ட்டின் இடுப்பு அளவைக் கேட்டு அதன்படி வெட்டக் கூடாது. வாடிக்கையாளர் இப்போது அணிந்திருக்கும் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, பக்கிளின் முள் பிடித்திருக்கும் மடிப்பிலிருந்து அவர் வழக்கமாக மாட்டும் துளை வரை அளக்க வேண்டும். அது 36 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடம் ஐந்து துளைகளில் நடுத்துளையாக அமைய வேண்டும். அதற்கு இருபுறமும் ஓர் அங்குல இடைவெளியில் இரண்டிரண்டு துளைகள். கடைசித் துளையிலிருந்து நுனி வரை 4 அங்குலம், பக்கிளுக்காக மடிக்கும் பகுதிக்கு இரண்டரை அங்குலம். ஆக 36, 2, 4, இரண்டரை ஆகியவற்றைக் கூட்டினால் நாற்பத்து நாலரை அங்குலம். 45 அங்குலமாக வெட்டிக்கொள்ளலாம். அகலத்தைப் பக்கிளின் உள்ளளவு தீர்மானிக்கும். ஒன்றரை அங்குலம் பெரும்பாலான பேண்ட் வளையங்களில் நுழையும். வேட்டிக்கு மேல் கட்டுகிற பெல்ட்டுக்கு, வேட்டி கட்டிய நிலையிலேயே, மடிப்பின் மேல் நாடாவைச் சுற்றி அளவெடுக்க வேண்டும்.

வெட்டும்போது அளவுகோலை அசையாமல் அழுத்தி, கத்தியை ஒரே மூச்சில் அழுத்தி இழுக்காமல், இலேசாக இரண்டு மூன்று முறை இழுங்கள். மடிக்கும் பகுதியின் உட்புறத்தைக் கடப்பைக்கல்லின் மேல் வைத்துப் பாதிக் கனத்துக்குச் சீவினால்தான் பக்கிள் அருகே திரட்சியாகத் துருத்தாது. பிறகு பல்முள்ளால் 4 அல்லது 5 மில்லிமீட்டர் இடைவெளியில் குறியிட்டு, தைக்கும் நீளத்தைப்போல நான்கு மடங்கு நூலை எடுத்து, இரு முனையிலும் ஊசி கோத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துளையிலும் முதலில் ஒரு புறத்து ஊசி, பிறகு அதே துளையில் மறுபுறத்து ஊசி. இரண்டாவது ஊசி முதல் நூலைக் குத்திவிடாமல் பார்த்து, இரு நூலையும் ஒரே அளவு இழுக்க வேண்டும். எந்த நூல் மேலே வருகிறது என்ற வரிசையை நடுவில் மாற்றினால் தையல் கோணும். அதை வாடிக்கையாளரால் பெயர் சொல்லிக் குறிப்பிட முடியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இயந்திரத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் அடுத்தடுத்துப் பிரிந்துகொண்டே போகலாம். இந்தக் கைத்தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்திருக்கும். விலை அதிகம் ஏன் என்று கேட்பவருக்கு இதைத் துண்டுத் தோலில் செய்துகாட்டுங்கள். பேச்சு அதிகம் தேவைப்படாது.

விளிம்பு வேலையை இறுதிக்கு விட்டு அவசரப்படுத்துவது புதியவர்களின் வழக்கம். கூர்முனையைச் சீவி, 220 எண் உப்புத்தாளில் தொடங்கி 400, 600 என்று தேய்த்து, விரலால் சிறிது தண்ணீர் தடவி, வழவழப்பான மரத்துண்டால் சூடு பறக்கத் தேய்த்தால் விளிம்பு கண்ணாடி போல இறுகும், அதன்மேல் தேன்மெழுகு. ஒரு பெல்ட்டுக்கு இதற்கே இருபது நிமிடம் ஆகலாம்.

சலங்கைப் பட்டையும் தவில் வாரும்

சலங்கைப் பட்டையில் ஒரு காலுக்கு 50, 100 என்று மணிகள் வரிசை வரிசையாகத் தைக்கப்படும். மணி ஒவ்வொன்றையும் தனியாக முடிச்சிட்டுக் கட்டுவது நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் ஒரே நூலை ஓட்டிக் கோத்தால், நடுவில் நூல் அறும்போது மேடையில் மணி சிதறும். வரிசைக்கு ஒரு நூல், ஐந்து மணிக்கு ஒரு முடிச்சு என்பது நியாயமான சமரசம். கணுக்காலுக்கு மேலே பட்டை உட்காரும் இடத்தில், ஆடி முடித்த பிறகு அளவெடுப்பது நல்லது. வளரும் குழந்தைக்குக் கூடுதலாக மூன்று துளைகள் விட வேண்டும். வியர்வையில் சாயம் கரைந்து காலிலும் உடையிலும் ஒட்டும் என்பதால், உட்புறத்தில் சாயமிடாத தோலோ பருத்தித் துணியோ வைக்க வேண்டும். சலங்கை பூஜைக்கும் அரங்கேற்றத்துக்கும் நாள் குறித்துவிட்ட பிறகு யாரும் அதை உங்களுக்காகத் தள்ளிவைக்க மாட்டார்கள். ஆகவே கேட்ட தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே முடிப்பதாகக் கணக்கிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

தவில் வார் முழு எடையையும் தோளில் தாங்குவது. புறப்பாட்டில் மணிக்கணக்கில் நின்றும் நடந்தும் வாசிப்பவருக்குத் தோள் படும் இடத்தில் அகலமான, உள்ளே மெத்தை வைத்த பட்டை தேவை. கொக்கி மாட்டும் முனைகளை இரட்டையாக மடித்துத் தைத்து, ரிவெட்டும் அடிக்க வேண்டும்; ரிவெட்டை மட்டும் நம்பக் கூடாது. கொடுப்பதற்கு முன் ஓர் இரவு கனமான பொருளைத் தொங்கவிட்டு, எவ்வளவு நீள்கிறது என்று பார்த்துக்கொள்க. தவிலுக்கோ மிருதங்கத்துக்கோ தோல் மூட்டித் தரும்படி யாராவது கேட்டால், அந்த வேலை தெரிந்தவரிடம் அனுப்பிவிடுங்கள். அது நாதம் அறிந்தவர்களின் தனிக்கலை.

ஆறாம் படி: விலையும் ஆர்டர் நோட்டும்

பக்கத்துக் கடை விலையைப் பார்த்து விலை வைக்காதீர்கள். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு: 45 அங்குல நீளம், ஒன்றரை அங்குல அகலம் என்றால் ஏறத்தாழ அரைச் சதுர அடித் தோல். கழிவையும் சேர்த்து 0.65 சதுர அடி என்று கொள்க. சதுர அடி 220 ரூபாய் என்றால் தோலுக்கு 143 ரூபாய். பக்கிள் 60, நூல் மெழுகு சாயம் 25. ஒன்றரை மணி நேரக் கூலி மணிக்கு 120 வீதம் 180. கடை வாடகையும் மின்சாரமும் மாதம் 6,000 ரூபாய், உண்மையாக வேலை நடக்கும் நேரம் 100 மணி என்றால் மணிக்கு 60. ஒன்றரை மணிக்கு 90. மொத்தம் 498. இதன்மேல் இருபது சதவீத லாபம் வைத்தால் சுமார் 600 ரூபாய். இந்த எண்களின் இடத்தில் உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கூலி, வாடகை என்ற இரண்டு வரிகளை மட்டும் அழித்துவிடாதீர்கள். வீட்டுத் திண்ணையில் செய்கிறோம், நம் கைதானே என்று அவற்றை விட்டுவிடுபவர், ஆள் வைக்க வேண்டிய நாள் வரும்போது விலையை ஏற்ற முடியாமல் திணறுவார்.

ஆர்டர் நோட்டில் பெயர், தேதி, அளவு, தோல் வகை, நிறம், பக்கிள், பொறிக்க வேண்டிய எழுத்து, கொடுக்கும் நாள், விலை, அட்வான்ஸ் ஆகிய அனைத்தையும் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பெயர் பொறிப்பதாக இருந்தால் அவரையே அவர் கையால் எழுதச் சொல்லுங்கள். முதலெழுத்துகளில் தவறு நேர்ந்த பெல்ட்டை வேறு யாருக்கும் விற்க முடியாது. பாதித் தொகையை முன்பணமாக வாங்காமல் கத்தியைத் தோலில் வைக்கக் கூடாது. உறவினராக இருந்தாலும் இதுதான் வழக்கம் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது.

ஏழாம் படி: பதிவும் கடனும்

ஆதாரைக் கொண்டு உத்யம் இணையதளத்தில் சிறுதொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் இல்லை, எனவே இதற்காகத் தரகருக்குப் பணம் தர வேண்டாம். உள்ளாட்சியின் தொழில் உரிமமும், கடைப் பெயரில் நடப்புக் கணக்கும் தேவை. மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, வெளிமாநிலத்துக்கும் இணையத் தளங்கள் வழியாகவும் விற்பதற்கு விதிகள் வேறு, கைவினைப் பொருளுக்குச் சில சலுகைகளும் உண்டு என்பதால் ஓர் ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது. கடன் வேண்டுவோர் மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். 2025-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை மானியமும் உண்டு. இளையவர்களுக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் இருக்கிறது. ஆனால் பத்துப் பெல்ட்டாவது கைக்காசில் செய்து விற்றுப் பார்த்த பிறகே கடனைப் பற்றி யோசியுங்கள்.

மழைக்காலமும் வருடக் கணக்கும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது டெல்டாவின் ஈரக்காற்றே தோலுக்குப் பெரும் பகை. பிளாஸ்டிக் உறையில் கட்டிவைத்த தோல் ஒரு வாரத்தில் பூசணம் பூத்துவிடும். சுவரைத் தொடாமல், தரையிலிருந்து உயர்த்திய மரச்சட்டத்தில், பழைய பருத்தி வேட்டியால் மூடி, சுருட்டி வைக்க வேண்டும். மடித்து வைத்தால் கோடு விழும். பூசணம் வந்துவிட்டால் வெளியே எடுத்துச் சென்று உலர்ந்த தூரிகையால் தட்டி, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்த ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விட வேண்டும். வெயிலில் போட்டால் விறைத்து வெடிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர் வாடிக்கையாளருக்கு முலாம் பூசிய இரும்புப் பக்கிள் வேண்டவே வேண்டாம். பித்தளையோ துருப்பிடிக்காத உருக்கோ போடுங்கள்.

ஆர்டர்களும் பருவத்தோடு சேர்ந்தே வரும். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புரளும்போது பெல்ட்டும் பையும் விற்கும். மகா சிவராத்திரியை ஒட்டிய நாட்டியாஞ்சலிகளுக்கு முன்னால் சலங்கைப் பட்டைக்கு ஆள் வருவார்கள். ஆகவே அதற்கான தோலை மார்கழியிலேயே வாங்கி வைக்க வேண்டும். முகூர்த்த மாதங்களுக்கு முன் மேளக்காரர்கள் வாரைப் பழுதுபார்க்கக் கொண்டுவருவார்கள். ஆடியும் மழை மாதங்களும் மந்தம். அந்த நாள்களில் பக்கிளும் நூலும் வாங்குவது, கருவியைச் சாணை பிடிப்பது, துண்டுத் தோலில் சாவிக்கொத்து, கடிகாரப் பட்டை போன்றவற்றைச் செய்து சேர்த்துவைப்பது ஆகிய வேலைகளைப் பார்க்கலாம்.

விற்ற பொருளுக்கு ஒரு வருடம் வரை தையல் பிரிந்தால் இலவசமாகத் தைத்துத் தருவதாக எழுதிக்கொடுங்கள். தண்ணீரில் ஊறியதற்கும், வாடிக்கையாளரே ஆணியால் துளை போட்டதற்கும் அது பொருந்தாது என்பதையும் அதே சீட்டில் எழுதுங்கள். ஒவ்வோர் ஆர்டருக்கும் வெட்டிய தோலில் இருந்து ஒரு விரல் அகலத் துண்டை நோட்டின் அந்தப் பக்கத்திலேயே பின் அடித்து வைத்தால், மூன்று வருடம் கழித்து அதே நிறத்தில், அதே கனத்தில் தம்பிக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு வருபவருக்குத் தயங்காமல் நாள் சொல்ல முடியும்.